இட்லித் தட்டில் வந்த கிரகணம்

எங்கிருந்தாலும் ஜன்னலைச் சாத்திவிட்டே உட்கார்ந்திருக்கும் என் அன்பானவருக்கு,

நேற்று சூரிய கிரகணம். கல்யாணமாகி இந்த மயிலாப்பூர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் ஒரு கிரகணத்தையும் பார்த்ததில்லை. வெயில் ஒரு கோடு உள்ளே வந்தாலும் எழுந்துபோய்த் திரையை இழுத்துவிடுவீர்கள். நானும் நம் பெண் நித்யாவும் டியூப்லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்போம்.

குறை சொல்லவில்லை. சின்ன வயதில் தாம்பாளத்து மஞ்சள் தண்ணீரில் கிரகணச் சூரியனைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தவர் நீங்கள். தண்ணீரில் பார்த்தால் ஒன்றும் ஆகாது என்று உங்கள் வீட்டில் எல்லோருமே நம்பினார்கள். பார்வையின் நடுவே விழுந்த கறுப்புப் புள்ளி கடைசிவரை போகவில்லை. தலையைச் சாய்த்துத்தான் என் முகத்தைப் பார்ப்பீர்கள். பெண் பார்க்க வந்த அன்று அதைத் திமிர் என்று நினைத்தேன்.

கடையில் கிரகணக் கண்ணாடி தீர்ந்துவிட்டதாம். "அப்பாவோட எக்ஸ்ரே ஃபிலிம் இருக்கே," என்றாள் நித்யா. அதுவும் தாம்பாளத் தண்ணீர் மாதிரிதான், கண்ணைக் காக்காது.

"அத எடுத்தா கதவப் பூட்டிடுவேன்."

"அப்ப நானும் உன்ன மாதிரி கடைசிவரைக்கும் பாக்காமலே இருக்கணுமா?"

சமையலறைக்குப் போனேன். கழுவி வைத்திருந்த இட்லித் தட்டின் ஓட்டைகள் வழியாக எதிர்ச்சுவரில் வெயில் விழுந்திருந்தது. எப்போதும் வட்டமாக விழும். நேற்று ஒவ்வொன்றும் கடித்து வைத்த அப்பளமாக இருந்தது.

தட்டோடு மொட்டைமாடிக்கு ஓடினோம். கொடியில் உங்கள் வேட்டி. இன்னமும் மாதம் ஒருமுறை துவைத்துப் போடுகிறேன், யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி நித்யா நச்சரிக்கிறாள். அதையே அவள் இழுத்து விரித்தாள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று தட்டைத் தோளுக்கு மேல் பிடித்தேன். "திரும்பாதே, ஓட்டை வழியாவும் பாக்காதே, வேட்டிய மட்டும் பாரு," என்றேன்.

வேட்டி முழுக்கக் குட்டிக் குட்டிப் பிறைகள். சந்தோஷமாக இருந்தது. கூடவே துக்கமாகவும் இருந்தது. இவ்வளவுதான் என்று நமக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

கிரகணம் விட்டதும் நித்யா வேட்டியை மடித்தாள். பிறகு, "வேட்டியக் குடுத்துடாதம்மா," என்றாள்.

கொடுக்க மாட்டேன். அடுத்த கிரகணத்துக்கும் அதே கொடியில் விரித்து வைக்கிறேன். இனி பயமில்லை, தலையைச் சாய்க்காமல் வேட்டியை நேராகவே பாருங்கள்.

நீங்கள் கூப்பிட்டபடியே,
நித்யா அம்மா