வெயில் இறங்காத மியூசியம்

அக்கா,

நம் தீவில், பாம்பூஃப்ளாட் வீட்டில் உன் டிரங்குப் பெட்டியை இன்று திறந்தேன். அந்துருண்டை வாசம் குப்பென்று அடித்தது. சென்னையில் அந்த மியூசியத்துக்குள் நுழைந்ததும் இதே வாசம்தான். பெட்டியை மூடிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அன்று டாக்டர் ஐந்து மணிக்குள் வரச் சொல்லியிருந்தார். ஸ்கேனைப் பார்த்து உன் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதாகப் பேச்சு. அதுவரை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார முடியாது என்று நீதான் என்னை இழுத்துக்கொண்டு போனாய். பை, செல்போன் எல்லாம் வாசல் கவுண்டரில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்; மணி பார்க்க வழியில்லை. விக்டோரியா ராணி காலத்துச் சிவப்புக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தாய். “பாத்தியாடி, நமக்கு வெள்ளைக்காரன் ஜெயில் கட்டினான். இவங்களுக்கு அரண்மனை கட்டியிருக்கான்!” உன் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாகியிருந்தது! திமிங்கல எலும்புக்கூட்டின் அடியில் நின்று, “நம்ம கடல் பக்கம் வந்திருந்தா பொழச்சிருக்கும், பாவம்” என்றாய்.

நேரமாகிறதே என்றேன். ஜன்னலைக் காட்டி, “அரே, வெயிலே இறங்கல. டைம் ஹை, நேரமிருக்குடி!” என்று நம் தீவு இந்தியில் அதட்டினாய். ஆயுசு முழுக்க வெயிலைப் பார்த்தே சாத்தாம் துறைக்குப் போகும் படகைப் பிடித்தவள் நீ. ஒரு நாளும் தவறவிட்டதில்லை. நம் ஊரில் ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும். கடிகாரம் ஒன்றுதான் என்றாலும் மெயின்லேண்டில் அந்நேரம் வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் என்பது நம் இருவருக்குமே உறைக்கவில்லை.

காவலாளி விசில் ஊதினார். “அஞ்சாச்சும்மா, கெளம்புங்க.” ஆட்டோவில் பறந்தோம். டாக்டர் அறை பூட்டியிருந்தது. “இப்பத்தான் கெளம்பினாரு. நாளைலேருந்து லீவு. அடுத்த மாசம் வாங்க” என்றாள் நர்ஸ். வேறு டாக்டரைப் பார்க்கலாம், தங்கலாம் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். நீ பிடிகொடுக்கவே இல்லை. “நாளைக்குக் கப்பல். இதை விட்டா அடுத்தது எப்போன்னு கப்பல்காரனுக்கே தெரியாது. அடுத்த மாசம் வந்துக்கலாம்டி.”

அடுத்த மாதக் கப்பலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். அது கிளம்பும் முன்பே நீ போய்விட்டாய்.

பாழாய்ப்போன வெயில்! யாரை ஏசுவேன், சொல்? உன்னை ஏச வாய் வரவில்லை. தினமும் இங்கே இருட்டத் தொடங்கும்போது சென்னைப் பக்கம் பார்த்து நிற்கிறேன். அங்கே இன்னும் வெயில் இருக்கும், டாக்டர் அறை திறந்திருக்கும். என்னையறியாமல் வாய்விட்டுக் கத்திவிடுகிறேன்: அக்கா, பார்த்தது போதும், வா, ஓடலாம்.