செங்கடுவனின் பின்பாரக் கல்

மழை தவறாதிருக்க. மண் மனம் கோணாதிருக்க. நலம் பெருகுக.

நீலமருதூர்க் கோயிலகத்தில் வீற்றிருந்து மருதவளநாட்டின் பன்னிரு கூற்றத்தையும் காத்துவரும் திருமலி நன்மாறவேளாகிய நாம், குளிர்குன்ற நாட்டின் தலைவியும், ஏழ்வளைவூர்த் தேர்ப்பட்டறையை உடையவளும், மலைச்சாலையில் தேர்செலுத்தத் தன்னிகர் இல்லாதவளும், நம்மோடு ஒரே வயிற்றில் பிறந்தவளுமாகிய வெண்ணிநங்கைக்கு எழுதிவிடுத்த ஓலை. உன் குன்றுகளில் தினை முற்றுக. உன் சுனைகள் வற்றாதிருக்க. உன் பட்டறையில் சுத்தியல் பிடிக்கும் நானூறு பேருக்கும் வேலை குறையாதிருக்க.

இங்கு யாவரும் நலம் என்று அடுத்து எழுதுவது ஓலை மரபு. நாம் நலமாக இல்லை. பொங்கலுக்கு உனக்கு நாம் அனுப்பிய சீர், பச்சரிசி மூட்டையும் வெல்லமும் மஞ்சள் கொத்தும் பூசணியும் கட்டிய கட்டு அவிழாமல் போன வண்டியிலேயே திரும்பி வந்து, ஏழு நாளாக நம் முற்றத்தில் இருக்கிறது. அதன் மேல் உன் ஓலை செருகியிருந்தது. எண்ணெய் விதியை நாம் நீக்கும்வரை அண்ணன் வீட்டுச் சீர் உனக்கு வேண்டாம் என்றும், தலைநகரின் எல்லைக்கல்லைத் தாண்டமாட்டாய் என்றும் அதில் கண்டோம். நாடாள்பவன் ஆயிரம் சினவோலை படிக்கிறான். தங்கை திருப்பி அனுப்பிய சீரைப் பார்த்துக்கொண்டு சோறு உண்ண எவனாலும் முடிவதில்லை.

விதி இன்னதென்று நீ அறிவாய். ஆயினும் ஓலை பிறர் கையிலும் படுமாதலால் சொல்லுகிறோம். ஒரு பட்டறையில் பிறக்கும், எண்ணெய் எரித்து ஓடும் தேர்கள் படிக்கு நான்கு காதம் ஓடவேண்டும். தன் தேர்கள் அவ்வாறு ஓடாத பட்டறை வரும் ஆடியோடு அடைக்கப்படும். உன் பட்டறையிலோ ஒரே வகைத் தேர்தான் பிறக்கிறது. பின்சக்கரம் தள்ள, முன்பக்கம் உறும, ஏழு கொண்டைவளைவையும் மூச்சுவாங்காமல் ஏறும் செங்கடுவன். அவன் வயிறோ ஆனை வயிறு. அவனுக்கு நாம் விதித்த படி எண்ணெய் சோளப்பொரிதான், அதை மறுக்கவில்லை.

நம் அளவைநாயகம் கூத்தன் பொறையன் சித்திரையில் உன் ஊருக்கு வந்து அளந்து, கடுவன் ஓடியது இரண்டே முக்கால் காதம் என்று எழுதிக்கொடுத்தார். அதை நாமும் நம்பியிருந்தோம். இப்போது உன் சினவோலையை மூன்றாம் முறை படிக்கையில்தான் ஒரு வரி கண்ணில் பட்டது. பின்பாரக் கல்லையும் சுமந்துகொண்டே இரண்டே முக்கால் ஓடினான் என் கடுவன் என்று நீ பெருமை பேசியிருக்கிறாய்.

வெண்ணி, கல்லையுமா ஏற்றி அளக்கவிட்டாய்?

அந்தக் கல்லை நாம் அறிவோம். பின்சக்கரம் தள்ளும் தேருக்கு முன்பக்கம் கனம், பின்பக்கம் லேசு. மழைச்சாலையில் பின்சக்கரம் பிடியின்றி வழுக்கிச் சுற்றும். ஆகவே பின்தட்டில் கருங்கல் ஏற்றுவது உன் ஊர் வழக்கம். அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டிட்டுப் பின்பாரத்தம்மன் என்று கும்பிடுவதும், அம்மன் ஏறாத தேர் பட்டறை வாசலைத் தாண்டாது என்பதும் வழக்கந்தான். ஆனால் தீயாய்க் காயும் சித்திரையில், துளி மழையில்லாத மலையடிச் சமவெளிச் சாலையில், எண்ணெய் அளக்கும் நாளிலுமா அம்மன் உலாப் போகவேண்டும்? பாறாங்கல்லைக் கட்டிக்கொண்டு பந்தயம் ஓடிவிட்டு, தோற்றதற்கு அண்ணனை வைகிறாய்.

பொறையனை அழைத்துக் கேட்டோம். கல்லை இறக்கச் சொல்ல நாவெடுத்ததாகவும், பட்டறையார் நானூறு பேரும் ஒருசேர முறைத்ததாகவும், அம்மனை எடைபோட்டு ஓலையில் ஏற்றத் தமக்கு அச்சமாயிருந்ததாகவும் சொல்லித் தலைகுனிந்தார். கல் இறங்கினால் கடுவன் மூன்று காதம் ஓடுவான் என்பது அவர் கணிப்பு. மறு அளவைக்கு ஆணையிட்டோம். ஆனால் மூன்று நான்காகாது. உன்னிடம் பொய்யான ஆறுதல் சொல்ல நமக்கு மனமில்லை.

விதியை நீக்கு என்கிறாய். நீக்கமாட்டோம். ஏன் என்பதை உனக்கு மட்டுமாவது நேரே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். சென்ற ஆண்டு ஐப்பசியில், அளவைக்கு முன்பே, நெல்லிக்குடி மருத்துவச்சி காளிவிழி நம் அவைக்கு வந்தாள். எண்ணெய் முழுவதும் தேர்ப்பட்டறைகளுக்கே போவதால் தன் ஊரில் விளக்குக்கு ஒரு கரண்டி கிடைப்பதில்லை என்றும், அம்மழைக்காலத்தில் மூன்று பிள்ளைகளை இருட்டில் கைதடவியே பிறப்பித்ததாகவும், மூன்றாம் பிள்ளையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்ததைக் காண வெளிச்சம் இல்லாமற்போயிற்று என்றும் தெரிவித்தாள். அவள் அழவில்லை. தன் கைகளை நமக்கு விரித்துக் காட்டினாள், அவ்வளவுதான். அன்று மாலையே விதியை எழுதினோம். நீ இந்த இருக்கையில் இருந்திருந்தால் மாலைவரை காத்திருந்திருக்கவும் மாட்டாய்.

உன் ஓலையில் இன்னொன்றும் இருந்தது. விதியின் அடியில், கோயிலகத் தேர்களுக்கு இது பொருந்தாது என்று ஒரு வரி உண்டே, ஊருக்குத்தான் உபதேசமா என்று கேட்டிருந்தாய். அந்த வரி அமைச்சர் எழுதியதன்று, நாமே எழுதினோம். நம் கொட்டிலில் நிற்கும் ஏழு கடுவன்களும் உன் பட்டறையில் பிறந்தவை. விடியலில் அவற்றை முடுக்கும்போது தரை அதிர்ந்து அந்த அதிர்வு உள்ளங்காலில் ஏறுமே, அதை விட நமக்கு மனம் வரவில்லை. நீ கேட்ட கேள்வி சுட்டது. நேற்று அந்த வரியைச் சுரண்டி எறிந்தோம். ஏழும் இன்று நின்றுவிட்டன; அவற்றின் எண்ணெய் பிள்ளைப்பேற்று வீடுகளுக்குப் போகிறது. கொட்டில் அமைதியாக இருக்கிறது. அவ்வமைதி நமக்கு இன்னும் பழகவில்லை.

இனி, உன் கடுவன் சாகவேண்டுமா என்பது. வேண்டாம். விதியை நன்றாகப் படி. அது ஒரு தேரை அளக்கவில்லை. ஒரு பட்டறை ஓராண்டில் செய்யும் தேர்கள் யாவையும் ஒன்றுகூட்டி அளக்கிறது. முன்சக்கரம் இழுக்கும் சிறுவண்டி ஒன்று படிக்கு ஐந்து காதம் ஓடும். அதை மூக்கணாங்கயிறு கட்டிய பெட்டி என்று நீ ஏளனம் செய்வாய்; செய்துகொள். இரண்டு பெட்டி செய்தால் ஒரு கடுவன் செய்யலாம். நானூறு பேருக்கும் வேலையிருக்கும். சந்தைக்குப் போகிறவன் பெட்டியில் போவான். மலையேறிப் போய்ப் பிணியாளரை இறக்கிவர உன் கடுவன் போவான். அவன் இனிக் குறைவாகப் பிறப்பான், ஆனால் பிறப்பான். நாளை எண்ணெயே வேண்டாத விசையொன்றை உன் கொல்லர்களே கண்டுபிடித்தால், அதையும் பின்சக்கரத்திலேயே பூட்டிக்கொள். நாம் அளப்பது எண்ணெயைத்தான்.

இவ்வளவு சொல்லியும் உன் சினம் ஆறாது என்று அறிவோம். ஆகவே ஆணை ஒன்று.

தைத் திங்கள் இருபதாம் நாள், திரும்பிவந்த அதே சீரை எடுத்துக்கொண்டு நாமே புறப்படுகிறோம். குடையும் முரசும் வாரா. நீ ஏளனம் செய்யும் அந்தப் பெட்டியில்தான் வருகிறோம். அது சமவெளியில் நன்றாக ஓடும். ஆனால் செங்குத்தில் கனமெல்லாம் பின்னால் சாய, இழுக்கும் முன்சக்கரம் பிடிவிட்டுப் பறக்கும் என்று பொறையன் எச்சரித்திருக்கிறார். உன் ஊரின் முதல் கொண்டைவளைவிலேயே நாம் நின்றுவிடுவோம். ஊரார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அவ்விடத்துக்கு நீ செங்கடுவனைச் செலுத்திக்கொண்டு வரவேண்டும். வேறு யாரையும் அனுப்பலாகாது. வருமுன் பின்பாரத்தம்மனை மஞ்சள்நீர் விட்டு முறைப்படி இறக்கிப் பட்டறை வாசலில் அமர்த்திவிடு. நமக்குப் பத்து வயதும் உனக்கு எட்டும் இருக்கையில், கல் கிடைக்காத ஒரு மழைநாளில், அண்ணன் இருக்கும்போது கல் எதற்கு என்று சொல்லி நம்மைப் பின்தட்டில் ஏற்றி மேடேறியவள் நீ. அன்றைக்கு இன்று நாம் இரு மடங்கு கனம். மடியில் அரிசி மூட்டையும் பூசணியும் வேறு இருக்கும். சக்கரம் வழுக்காது.

இவ்வாணையை மீறினால் தண்டனை என்னவென்று எழுதச் சொல்லி ஓலைநாயகம் கீரஞ்செவ்வந்தி எழுத்தாணியை நிறுத்திக் காத்திருக்கிறார். தண்டனை ஒன்றுமில்லை. நீ வராவிட்டால், வரும்வரை அவ்வளைவிலேயே சீரோடு உட்கார்ந்திருப்போம்.

மருதம்பூ முத்திரை இட்டோம். நம் சொல் நிலைக்க. உன் குன்றம் செழிக்க. பின்தட்டில் அந்த இடம் காலியாக இருக்கட்டும்.