காதுகுத்துக்கு என் மடி

கொட்டகலை
தை, 1961

அன்பு மகள் நாகலெட்சுமிக்கு,

பேசாமல் இருந்தது போதும். நீயும் மாப்பிள்ளையும் பேத்தி ஜெயலெட்சுமியும் கொழும்பு வெயிலில் வாடாமல் சுகமாயிருக்க வேண்டும். இங்கே உன் அம்மா சுகம். நான் எப்படியிருக்கிறேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உனக்குக் கூடப்பிறந்தவன் இல்லாததால், பேத்தியின் காதுகுத்துக்குத் தாய்மாமன் மடிக்குப் பதில் என் மடி வேண்டுமென்று கேட்டிருந்தாய். நான் பதில் போடவில்லை. உன் கல்யாணத்தில் உன் மாமனாரோடு மூண்ட கோபம் தீரவில்லை என்று நினைத்திருப்பாய். தீரவில்லைதான், ஆனால் காரணம் அதுவல்ல. பள்ளிக்கூடக் கூரைத் தகரம் ஒழுகுகிறதென்று எத்தனை முறை சொல்லியும் தோட்டத்துத் துரை காதில் வாங்காமல், நானே ஏறி விழுந்து முதுகுத்தண்டை ஒடித்துக்கொண்டேனே, அதிலிருந்து சிறுநீர் என் பேச்சைக் கேட்பதில்லை. கால்கள் தடி ஊன்றும் அளவுக்குத் தேறின. சிறுநீர் மட்டும் வந்த பிறகுதான் எனக்கே தெரியும். பேத்தியை எந்த மடியில் வைப்பேன்? என்னைப் பார்க்க வந்த உன் மாமனார் தம்பையா, "சம்மந்தி மடியில தார்ப்பாய் விரிச்சுத்தான் புள்ளைய வைக்கணும்" என்று வாசலில் நின்று சிரித்தார். உன் காதுக்கும் எட்டியிருக்கலாம். நான் அதை மறக்கப் போவதில்லை.

ஐப்பசியில் கண்டியில் ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். மூத்திரப்பை தானாக இறுகுவதை அது அடக்குமாம். சாப்பாட்டுக்கு முன் விழுங்க வேண்டும். தேயிலை ஸ்டோரில் சாப்பாட்டுச் சங்கு ஊதினால் உன் அம்மா மாத்திரையும் தண்ணீருமாக வந்து நிற்பாள். துணி நனைவது குறைந்தது, ஆனால் வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொண்டது. "இது சூட்டு மருந்துங்க, ஒடம்பையே காய்ச்சிப்புடும்" என்று அவள் அதை நிறுத்திவிட்டு, வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள், தலைக்கு நல்லெண்ணெய் வைத்தாள். உடம்பு குளிர்ந்தது, படுக்கையும் பழையபடி நனைந்தது. நான் டாக்டரைத் திட்டிக்கொண்டு கிடந்தேன். மார்கழியில் போனபோது அவர் சிரித்துவிட்டு, பையை அடக்குகிற அதே மருந்துதான் எச்சிலையும் குறைக்கிறது, சூடெல்லாம் இல்லை, வாயை நனைத்துக்கொண்டு விடாமல் விழுங்குங்கள் என்றார். அளவைச் சற்றுக் குறைத்தார். உள்ளே தேங்கவும் விடக்கூடாதென்று, நேரம் பார்த்து ரப்பர் குழாயால் காலி செய்ய அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். இப்போது வாயில் எச்சில் ஊற என் சட்டைப்பையில் எப்போதும் நாரத்தங்காய்த் துண்டு வைத்திருக்கிறாள். பொங்கலுக்கு மறுநாள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, ஒரு பரீட்சையாக, நானுஓயா வரை ரயிலில் போனோம். இறங்கியதும் அவள் என் வேட்டியைத் தொட்டுப் பார்த்து, ஸ்டேஷனே திரும்பிப் பார்க்க, "காஞ்சிருக்குங்க!" என்று கத்தினாள். எனக்கு மானம் போனது. ஆனாலும் அப்படி ஒரு நிம்மதியை விழுந்த நாளிலிருந்து நான் கண்டதில்லை.

ஆகவே மாசியில் வருகிறோம். மாப்பிள்ளையைக் கோட்டை ஸ்டேஷனுக்கு அனுப்ப மறவாதே, படியிறங்கக் கை வேண்டும். குழந்தைக்குச் சளியிருந்தால் அன்று தலைக்கு ஊற்றாதே. தம்பையாவை எனக்கு எதிரிலேயே உட்கார வை, மடியை நன்றாகப் பார்க்கட்டும். நீங்கள் மூவரும் ஒரு குறையுமில்லாமல் இருங்கள். உன் கல்யாணத்தன்று, இனி உன் வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்திலும் என் பெயர் இருக்காது என்று அந்தத் தம்பையா முன்னால் சொன்னேன். அவருக்காக அதை மாற்ற மாட்டேன். எழுதியது யாரென்று உனக்குத் தெரியும். அம்மா தபாலுக்குக் கிளம்பி நிற்கிறாள், கையெழுத்தில்லாமலே கொடுத்தனுப்புகிறேன்.