செய்து வாங்கிய ஜாதகம்

புரட்டாசி 9, வியாழன்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. குறுவை நெல் பழுத்துச் சாய்ந்து நிற்கிறது. நிமிஷத்துக்கு ஒருமுறை வானத்தைப் பார்க்கிறேன்.

செய்ய வேண்டியவை: மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு. அப்பாவின் வெளுத்த சட்டைக்குப் பொத்தான். அத்தையிடம் குடவாசல் விஷயம், அப்பா காதில் விழாமல்.

திருத்துறைப்பூண்டி மாப்பிள்ளை வீட்டிலிருந்து மறுபடி ஆள். அவருக்கு என்னைப் பிடித்திருக்கிறதாம். எனக்கும் அவரை. (எழுதிவிட்டேன், போகட்டும்.) அவர் அம்மாவுக்கு ஜாதகம் வேண்டும். என்னிடம் ஏது? அப்பா கருப்புச் சட்டைக்காரர். நான் பிறந்தபோது மருத்துவச்சி மணி கேட்டாளாம். “மணி பாத்து எறக்க இது என்ன பஸ்ஸா?” என்று விரட்டினாராம். இப்போது கேட்க அம்மாவும் இல்லை.

ஒவ்வொரு வருஷமும் தினத்தாள் காலண்டர் வந்ததும் உட்கார்ந்து எல்லாத் தாளிலும் ராகுகாலம், எமகண்டத்தின் மேல் மை பூசுகிற மனுஷர். அவரிடம் போய் ஜாதகம் என்று வாயைத் திறக்க முடியுமா.

புரட்டாசி 11, சனி

அத்தையோடு குடவாசல். அப்பாவிடம் ஜாக்கெட் துணி எடுக்க என்று சொல்லியாயிற்று. பஸ்ஸில் நின்றபடி. செருப்பு வார் அறுந்தது.

ஜோசியர் சாப்பாட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தார்.

“பொறந்த நேரம்?”

“நடவு நட்டுக்கிட்டு இருந்தோங்க. வெயில் ஏறிடுச்சு. அவ்வளவுதான் தெரியும்” என்றாள் அத்தை.

“அது பத்தாதும்மா. மாப்பிள்ளைக்கு என்ன நட்சத்திரம்?”

“அனுஷம்ங்க.”

“அப்ப பொண்ணுக்கு ரோகிணி. எட்டுப் பொருத்தம் வர்ற மாதிரி செஞ்சுடுவோம். பத்தும் வந்தா சந்தேகப்படுவாங்க.”

சட்டை தைக்க அளவு சொல்வதுபோலச் சொன்னார். சாப்பாட்டை மறந்து உட்கார்ந்து எழுதினார், இரண்டு பிரதி. மூலையில் மஞ்சள் தடவி. பஸ்ஸில் வரும்போது அத்தையும் நானும் சிரித்த சிரிப்பு.

புரட்டாசி 12, ஞாயிறு

ஒரு பிரதி தி.பூண்டிக்குப் போய்விட்டது. இன்னொன்று என் பெட்டியில். சும்மா எடுத்துப் படித்தேன். படித்திருக்கக் கூடாது.

“ஜாதகி சஞ்சல புத்தியுடையவள். கையில் இருப்பதை விட்டு வராததை எண்ணி வாடுவாள்.”

நான்தான் இது. பள்ளிக்கூடத்தில் வீட்டு நினைப்பு, வீட்டில் பள்ளிக்கூட நினைப்பு. சோறு உண்ணும்போதே பாத்திரம் கழுவுகிற நினைப்பு. யார் சொன்னது அவருக்கு? என் முகத்தைக்கூட அவர் சரியாகப் பார்க்கவில்லையே.

“முப்பதுக்கு மேல் சுகம்.” எனக்கு இருபத்தைந்து. அதுவரை என்ன செய்வதாம்? எரிச்சலாக வருகிறது.

அடுத்த வரி: “நடப்பில் பிதாவுக்குப் பீடை. அரசாங்கத்தால் தொல்லை.” மூடி வைத்துவிட்டேன்.

பொத்தான் தைக்கவில்லை.

புரட்டாசி 14, செவ்வாய்

லேசாகத் தூறி நின்றது. நாங்கள் குத்தகைக்கு உழும் நிலத்து மிராசுதார் வீட்டு ஆள் வந்து போனான். அப்பா குத்தகையைத் தாலுகா ஆபீசில் பதிந்துவிட்டார் என்று கோபம். “இந்த அறுப்ப நாங்களே அறுத்துக்கறோம், நீங்க வயல் பக்கம் வரவேணாம்.” அப்பா, “வெதச்சவன் அறுப்பான்னு போய்ச் சொல்லு” என்றார். அத்தோடு ரேடியோவைத் திருப்ப ஆரம்பித்துவிட்டார். எந்தப் பாட்டிலும் முள்ளை நிறுத்தவில்லை. நான் பார்த்தேன்.

டீக்கடையில் காதில் விழுந்தது: “லாரில வெளியூர் ஆளு எறக்கப் போறாங்களாம்.”

பீடை. அரசாங்கத் தொல்லை. காலண்டர் தாளை வெளிச்சத்தில் பிடித்து மைக்கு அடியில் ராகுகாலம் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது. வெட்கமாக இருந்தது. நாளைக்கானதையும் பார்த்தேன்.

புரட்டாசி 15, புதன்

வாய்ப்பாடு நடத்தும்போது செய்தி வந்தது. ஓடினேன்.

லாரி ரோட்டில். அரிவாளோடு வந்தவர்கள் வரப்பில் தயங்கி நின்றார்கள், அவர்களும் கூலிக்கு வந்த ஜனம்தான். அப்பா கதிருக்கு நடுவில், நகராமல். நம் ஊர் ஆட்கள் அவரைச் சுற்றி. யாரோ தள்ளினார்கள், அப்பா விழுந்தார். அப்புறம் போலீஸ். தள்ளியவனை விட்டுவிட்டு அப்பாவை ஜீப்பில் ஏற்றினார்கள். சட்டை திறந்து கிடந்தது. பொத்தான் இல்லாத சட்டையோடு என் அப்பா ஸ்டேஷனுக்குப் போனார்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக என்ன செய்தேன்? அந்த ஜாதகத்தை எடுத்தேன். பொய் என்று எனக்குத் தெரியும், எதிரே உட்கார்ந்து செய்து வாங்கியவள் நான். இருந்தும் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்து அழுதேன்.

புரட்டாசி 16, வியாழன்

அத்தை ஸ்டேஷனுக்குச் சோறு கொண்டு போனாள். “சாப்புட்டான். ஒன்னத்தான் கேட்டான்.”

ஜாதகத்தை அடுப்பில் போட்டுவிடலாம் என்று எடுத்துப் போனேன். எரித்தால் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டேன். இவர் மகள் நான்!

புரட்டாசி 17, வெள்ளி

அப்பா வந்துவிட்டார். முழங்கை வீங்கியிருக்கிறது. குத்தகை வழக்கு முடியும்வரை பயிர் வைத்தவரே அறுக்கலாம் என்று தாசில்தார் சொல்லிவிட்டாராம். மழைக்கு முன்னால் அறுத்தாக வேண்டும். லீவு சொல்லி அனுப்பினேன்.

ஊரே இறங்கியது. நான் கட்டுச் சுமந்தேன். கழுத்தெல்லாம் சுணை, அரிப்பு. களத்துக்கும் வயலுக்கும் நடைதான். சாயங்காலம் வாய்க்காலில் கால் கழுவும்போதுதான் தெரிந்தது, காலையிலிருந்து எதையும் நினைக்கவில்லை. தி.பூண்டியை, முப்பது வயதை, ஒன்றையும். சந்தோஷமாக இருந்திருக்கிறேன், அது தெரியாமலே.

தெரிந்ததும் போய்விட்டது. உடனே வானத்தைப் பார்த்தேன்.

புரட்டாசி 19, ஞாயிறு

நெல் தூற்றியாயிற்று. தி.பூண்டி ஆள் வந்தார். எட்டுப் பொருத்தமாம், ஐப்பசி பிறந்ததும் பூ வைக்க வருகிறார்களாம். சொல்லிவிட்டுப் போனார். அப்பா குவியல் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார், கையைத் துண்டில் தொட்டில் கட்டி.

“பொருத்தமா? நம்மகிட்ட ஜாதகமே இல்லியேம்மா?”

சொல்லிவிட்டேன். குடவாசல், ரோகிணி, எல்லாம். ஜாக்கெட் துணிப் பொய்யும். மாப்பிள்ளையிடமும் நானே உண்மையைச் சொல்லிவிடுவேன், அப்புறம் அவர்கள் இஷ்டம் என்றேன். கத்துவார் என்று காத்திருந்தேன்.

கத்தவில்லை. நெல்லைக் கையால் அளைந்துகொண்டிருந்தார். அத்தை பக்கத்தில் இல்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். குரலை இறக்கி,

“அதுல எனக்கு எப்ப நல்லாருக்கும்னு போட்டிருக்கு?”

என் அப்பா. கருப்புச் சட்டை.

“இப்ப நல்லாருக்குன்னு போட்டிருக்குப்பா.”

“இப்பவா?” குவியலைப் பார்த்தார். கையைப் பார்த்தார். “இப்பவேவா?”

“ஆமாப்பா. இன்னைக்கு.”

“சரியான புளுகன்” என்றார். சிரித்தார். “போயி ஊசி நூலு எடுத்துட்டு வா. இந்தச் சட்டைய எத்தன நாளைக்குத் தொறந்து போட்டுக்கிட்டு திரியறது.”

கை வலியில் கழற்ற முடியவில்லை. உடம்பில் போட்டபடியே தைத்தேன்.