போத்தல் இல்லாத படையல்

என்ரை அப்பா,

வருகிற கிழமை உங்கள் ஆட்டைத் திவசம்; நீங்கள் போய் ஒரு வருசமாகிறது. வாழையிலைக்கும் ஐயருக்கும் சொல்லியாயிற்று. எனக்குத்தான் பயம்.

நீங்கள் செத்த எட்டாம் நாள், எட்டுச்செலவு அன்று நடந்தது உங்களுக்குத் தெரியுமோ? செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் படைக்க வேண்டுமென்று, சித்தப்பா ஒரு சாராயப் போத்தலையும் உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தார். என்ரை தம்பி குடியை விடவேண்டும் என்பதற்காக நீங்களே பின்னேரக் கள்ளை நிறுத்தியவர். அது அவருக்குத் தெரியாதா? படைத்து முடிய, கொள்ளி வைத்தவன் என்று முதல் கிளாஸைத் தம்பியிடமே நீட்டினார்.

"கொப்பருக்குப் படைச்சதடா, மறுக்கக் கூடாது."

தம்பி என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். சுற்றிவரச் சொந்தக்காரர். குடித்தான். பிறகு நிறுத்த முடியவில்லை.

திரும்பவும் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். "இதுவும் நீரிழிவு மாதிரி ஒரு வருத்தம்தான் பிள்ளை. ஏசாமல் பக்கத்திலை இருங்கோ" என்றார் டொக்டர். சொல்லச் சுகம்! அவன் கிணற்றடிக்குப் போனாலும் எங்கள் காது அங்கேதான். கலியாண வீடு, திருவிழா ஒன்றுக்கும் அவனும் போவதில்லை, நாங்களும் போவதில்லை. மூன்று பேரும் ஒரு வீட்டுக்குள் கைதிகள் மாதிரி மறியலில் கிடக்கிறோம் அப்பா.

இப்போது குடியை விட்டுத் தெளிந்திருக்கிறான். நேற்று சித்தப்பா போன் எடுத்து, "அண்ணைக்கு உள்ளதை நான் கொண்டுவாறன்" என்றார். கேட்டுக்கொண்டிருந்த தம்பியின் முகம் செத்துப்போயிற்று.

"அக்கா, அண்டைக்கு என்னை அறைக்குள்ளை விட்டுப் பூட்டிவிடு."

தகப்பனின் திவசத்தில் ஒரே மகன் பூட்டின அறைக்குள் கிடப்பதா?

அம்மா உடனே சித்தப்பாவுக்குப் போன் எடுத்தார். "மச்சான், போத்தலோடை வாறதெண்டால் வராதையுங்கோ."

"அண்ணையின்ரை ஆத்மா கோவிக்கும் மச்சாள்."

"கோவிக்கட்டும். அந்த மனுசன்ரை கோவம் எனக்குப் புதுசே?"

அவர் போனை வைத்துவிட்டார். வருவாரோ, எதைத் தூக்கிக்கொண்டு வருவாரோ தெரியாது. தம்பிக்கு நேற்று இரவு முழுக்க நித்திரையில்லை. எனக்கும் பயம் போகவில்லை.

ஆனாலும் ஒரு வாக்குத் தருகிறேன். அறைக் கதவை நான் பூட்ட மாட்டேன்; வாசல் படலையைத்தான் பூட்டுவேன். சித்தப்பா வெறுங்கையோடு வந்தால் திறப்பேன். தம்பி உங்கள் முன்னால் இருந்து சோறும் கறியும் வடையும் படைப்பான். அது போதாதென்று கோபம் வந்தால் என்னைக் கோவியுங்கோ அப்பா, அவனை விட்டுவிடுங்கோ.

அவனுக்கு அக்காவான
உங்கள் மூத்தவள்