பழைய கம்ப்யூட்டரும் லயத்து வயரும்

2004 ஜூலை 16, வெள்ளி

ஹட்டன் டவுன் கம்ப்யூட்டர் கடைக்காரன் பொய்யன். "இந்தப் பழசுல இனி கேம் ஓடாது தம்பி, புதுசு எடுங்க" என்று போன வாரம் அடித்துச் சொன்னான். இன்று மாலை என் கூட்டாளி செல்வம் தன்னுடைய வீடியோ கார்டைக் கழற்றிக்கொண்டு வந்து என் கம்ப்யூட்டரில் மாட்டினான். கார் ரேஸ் பறந்தது! ரோட்டில் தேங்கிய மழைத்தண்ணீர்கூடத் தெரிந்தது. புதுசு வேண்டாம், கார்டு மட்டும் போதும் என்று அப்போதே முடிவெடுத்தேன்.

மூன்றாவது சுற்றில் லயமே இருண்டது. தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே வயர். ஃபியூஸ் போய்விட்டது.

"டேய் பாவி, டிவி நாடகத்துல தாலி கட்டப்போற நேரம்டா!" என்று பக்கத்து வீட்டு ராணியக்கா கத்தியது.

"கார் போய் லைட் கம்பத்துல மோதிருச்சுக்கா" என்றான் செல்வம்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. என் கம்ப்யூட்டரைவிட அந்த வயர்தான் பழசு. அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு லயத்து வேலையெல்லாம் பார்க்கவேண்டிய தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் வீட்டுக்குப் போனேன். அங்கே வாசலில் மட்டும் மூன்று விளக்கு எரிந்தது. கூப்பிட்டேன். உள்ளே ரேடியோ சத்தம் நின்றது, கதவு திறக்கவில்லை. ராணியக்காவும் சேர்ந்து கத்தியது:

"ஐயா, எங்க லயத்துக்குப் புது வயர் போடுங்க!"