செல்வராணியை இரண்டாம் முறை எடுத்தது

ஒக்டோபர் 3, வெள்ளி

நாலு மணிக்கு இடியும் மழையும். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் அரை மணி நேரம் அசையவில்லை. வீடு வரும்போது செருப்புக்குள் குளம்.

நாளை பத்தாவது ஆள். செல்வராணி. கெலிஓயாவுக்கு மேலே உள்ள தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுப்பவள். என் பத்தாம் வகுப்பு கவிதாவின் அம்மா. இவளோடு பத்து முகங்களும் முடியும். டிசம்பரில் கண்டியில் கண்காட்சி. நடத்துபவர் வாரத்துக்கு இரண்டு தடவை போன் எடுத்து, கடைசிப் படம் எங்கே என்கிறார்.

செ. என்னிடம் கேட்டது ஒன்றுதான். 13ஆம் திகதி படம் கையில் வேண்டும். கணவர் முத்தையா ஆஸ்பத்திரியில். 14ஆம் திகதி இதய ஒப்பரேஷன். "என்னைய போட்டோ புடிக்கப் போறாங்கன்னு சொன்னேன் டீச்சர். கொண்டாந்து காட்டுன்னாரு." வாக்குக் கொடுத்துவிட்டேன்.

எந்த பிலிம்? இருப்பு:
– 100 வேகம், எல்லா நிறத்தையும் உணர்வது: 11 தாள். மச்சாள் லண்டனில் இருந்து கொண்டுவந்தது.
– 400 வேகம்: 2 தாள். பெட்டியில் ஈரம் பட்டது. நம்பிக்கை இல்லை.

100 தான். உள்ளங்கை அளவுத் தாள், முகத்தின் ஒவ்வொரு மயிரும் விழும். பின்னால் மலை வேண்டும், ஆகவே லென்ஸுக்குச் சிவப்பு பில்டர். அது இல்லாமல் எடுத்தால் இந்த மூட்டத்தில் மலை வெளிறிவிடும், வானம் வெறும் வெள்ளை. சிவப்பு போட்டால் தேயிலை கறுக்கும், முகில் எழும்பி நிற்கும்.

இருட்டுப் பைக்குள் கையை விட்டு நாலு தாள் பிலிம் ஹோல்டரில் ஏற்றியாயிற்று. கழுத்து வலி.

ஒக்டோபர் 4, சனி

காலை ஆறரைக்கே வெயில். நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

முக்காலியும் கமராவும் பதினொரு கிலோ. திரீவீலர்காரர் "மேல ரோடு சரியில்ல" என்று பாதி வழியில் இறக்கிவிட்டார். மிச்சம் நடை. கவிதா முக்காலியைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

செ. பச்சைச் சேலை, தலைக்கு எண்ணெய், வகிட்டில் குங்குமம், நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. வழக்கத்தை விடப் பெரிது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் கண்ணாடியில் தலைகீழாக நிற்கிறாள். பூதக்கண்ணாடியை வைத்து அந்தப் பொட்டின் விளிம்பில்தான் போகஸ் பிடித்தேன். முகத்தில் அதுதான் கத்தி மாதிரிக் கூராக இருந்தது. பிறகு பில்டரைப் பூட்டினேன்.

f/16, கால் செக்கன். சிவப்புக்கு மூன்று படி கூட்டியது. நாலு தாள். மூன்றாவதில் அவள் மூச்சைக்கூட விடவில்லை.

பிறகு அவள் வீட்டில் தேத்தண்ணி, ரொட்டி, கட்டச்சம்பல். வயிறு நிறைந்தது.

ஒக்டோபர் 5, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பாத்ரூம் ஜன்னலுக்குக் கறுப்பு பொலித்தீன். இந்த பிலிமுக்குச் சிவப்பு பல்ப் கூட ஆகாது, முழு இருட்டு. மணிக்கூடு தெரியாது. செபமாலையில் மூன்று பத்து, என் வேகத்தில் ஒன்பது நிமிடம். பங்குச் சுவாமியிடம் இதைச் சொன்னதில்லை.

மூன்றாவது தாள்! இருபது வருடத்தில் இப்படி ஒன்று என் கையால் வந்ததில்லை. முகில், மலை, தேயிலை வரிசை, அவள் கண். ஈர நெகட்டிவைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமில் தனியாகச் சிரித்தேன்.

ஒக்டோபர் 6, திங்கள், பௌர்ணமிப் போயா லீவு

பிரிண்ட். போனில் ஒரு படம் எடுத்துக் கண்காட்சிக்காரருக்கு அனுப்பினேன். அழைப்பிதழில் இதுதான் என்றார். வானத்தைப் பற்றியே பத்து நிமிடம் பேசினோம்.

ஒக்டோபர் 7, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

பள்ளிக்கூடம் விட்டு நேரே செ. வீட்டுக்கு. கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். பார்த்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். படத்தைக் கதிரையில் கவிழ்த்து வைத்தாள்.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. கவிதாதான் மெல்லச் சொன்னாள், அம்மா பொட்டு வைத்திருந்தாரே டீச்சர் என்று.

எடுத்துப் பார்த்தேன். நெற்றி வெறுமை. வகிட்டிலும் இல்லை. துடைத்து எடுத்த மாதிரி. நான் மூன்று நாளாக முகிலைப் பார்த்திருக்கிறேன், இதைப் பார்க்கவில்லை.

"இத அவருக்கு எப்படி காட்டுறது டீச்சர்? நெஞ்ச அறுக்கப் போற மனுசனுக்கு?"

பில்டர், நிறம், ஒளி என்று ஏதோ உளறினேன். அவள் கத்தவில்லை. "நீங்க வேதக்காரங்க. ஒங்களுக்கு வெளங்காது" என்று மட்டும் சொன்னாள். தேத்தண்ணி இல்லை. பஸ்ஸுக்கு நடந்து வந்தேன்.

வெட்கம். கோபமும், என் மேல்தான்.

ஒக்டோபர் 8, புதன்

விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான். சிவப்புக் கண்ணாடிக்குள்ளால் சிவப்பைப் பார்த்தால் வெளுக்கும் என்று எட்டாம் வகுப்புக்குச் சொல்லிக் கொடுப்பவள். எங்கள் வீட்டில் யாரும் பொட்டு வைப்பதில்லை, அதனால் மூளை அந்தப் பக்கமே போகவில்லை. பட்டால்தான் புத்தி.

இடைவேளையில் சிவப்பு சோக்கால் கையில் வட்டம் போட்டு பில்டருக்குள்ளால் பார்த்தேன். வட்டமே இல்லை.

வழிகள்:
1. அதே பிலிம், பில்டர் இல்லாமல். பொட்டு சாம்பல் நிறம். முகத்தோடு முகமாகக் கிடக்கும். போதாது.
2. பச்சை பில்டர். என்னிடம் இல்லை.
3. சிவப்பே தெரியாத பிலிம். அதில் சிவப்பு எல்லாம் கறுப்பு. பொட்டு மை போல் நிற்கும்.

மூன்று. ஆனால் ஐந்து நாளில் எங்கே தேடுவது? கொழும்பில் இரண்டு இடம் கேட்டாயிற்று. சிரிக்கிறார்கள்.

கவிதா இன்று வகுப்பில் என்னைப் பார்க்கவில்லை.

ஒக்டோபர் 9, வியாழன்

நேற்றுப் படுக்கும்போது பொறி தட்டியது. எக்ஸ்ரே பிலிம்! அதற்கும் சிவப்பு தெரியாது.

அலவத்துகொட நிஸாம் முன்பு ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தவர். அங்கே எல்லாம் கம்ப்யூட்டர் ஆனபோது மிச்சப் பெட்டி ஒன்று வீட்டுக்கு வந்ததாம். அலுமாரிக்கு மேலே இருந்து இறக்கித் தந்தார். திகதி முடிந்து மூன்று வருடம். காசு வாங்கவில்லை.

"சும்மா தான் கெடந்து ஈக்கி டீச்சர். ஆனா ரெண்டு பக்கமும் மருந்து. நகம் பட்டாலும் கீறும், பாத்துக்கோங்க."

என்ன எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். ஒரு பொட்டு என்றேன். மேலும் கேட்கவில்லை, நல்ல மனிதர்.

ஒக்டோபர் 10, வெள்ளி

சிவப்பு பல்ப் வெளிச்சத்தில் வேலை செய்வது என்ன சுகம். கண் தெரிகிறது. பெரிய தாள் ஒன்றில் நாலு வெட்டலாம். சரியாக நாலாக வெட்டினால் ஹோல்டருக்குள் போகாது, ஒவ்வொரு பக்கமும் ஒரு நூல் குறைக்க வேண்டும். மூன்று தாள் நாசம்.

சோதனைக்கு முகம் வேண்டும். யாரைக் கேட்பது? கடையில் குங்குமப் பொட்டலம் வாங்கி என் நெற்றியிலேயே வைத்தேன். முற்றத்தில் கதிரையைப் போட்டு, நீளக் கேபிளை அழுத்தி, எனக்கு நானே.

முடிவு:
– 80 வேகம் என்று எடுத்தது: முகம் கரி.
– 25 வேகம் என்று எடுத்தது: முகம் வருகிறது. பொட்டு அட்டக் கறுப்பு. சபாஷ்.
– டெவலப்பரில் தண்ணீர் இரட்டிப்பு. கீறாமல் இருக்க ட்ரே அடியில் கண்ணாடித் தட்டு. ஒரு நேரம் ஒரு தாள்.

மறந்துபோய் அதே நெற்றியோடு பேக்கரிக்குப் பாண் வாங்கப் போய்விட்டேன். முதலாளி பாணை மாத்திரம் பார்த்துக்கொண்டு சில்லறை தந்தார். ஞாயிறு பூசைக்குள் கோயில் பூராவும் கதை போய்விடும். போகட்டும்.

ஒக்டோபர் 11, சனி

செ. வெளியே வரவில்லை. அம்மாவுக்கு இனிப் படம் வேண்டாமாம் என்று கவிதா வாசலில் நின்று சொன்னாள்.

வாக்குவாதம் செய்யவில்லை. என் சோதனைப் படத்தைக் கவிதாவிடம் கொடுத்து உள்ளே அனுப்பினேன். பிறகு உள்ளே சிரிப்பு. செ. படத்தோடு வெளியே வந்தாள். கறுத்துப்போய்ப் பேய் மாதிரி இருக்கிறீர்கள் டீச்சர் என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள்.

"எனக்காகவா வச்சீங்க?"

ஆம் என்றேன்.

யோசித்தாள். நாளைக்கு வரச் சொன்னாள். ஒரு நிபந்தனை. அந்தப் பழைய பிலிம் இந்த உலகத்திலேயே இருக்கக் கூடாது. நாலு தாளும்.

சரி என்று வாய் உடனே சொல்லிவிட்டது. மனசு பஸ்ஸில்தான் சண்டை பிடித்தது. போனிலிருந்தும் அழித்தேன். கண்காட்சிக்காரரிடம் சொன்னபோது, பைத்தியமா, அதை ஒரு மூலையில் ஒளித்து வையுங்கள் என்றார். ஒளித்து வைக்கலாம்தான். அவளுக்குத் தெரியவா போகிறது? பெட்டியைத் திறந்து மூன்றாவது தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இன்னும் அழகாகத்தான் இருக்கிறது. நாலையும் உறையில் போட்டுப் பைக்குள் வைத்தேன். அனுப்பிய படத்தையும் அழிக்கச் சொல்லி அவருக்கு மெசேஜ்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. வெளிச்சம் காலையில் மட்டும்தான்.

முதலில் செ. வீட்டு அடுப்படி. கத்தரிக்கோலை நீட்டினேன். "என் கையால கூடாது டீச்சர்." நானே வெட்டினேன். தாள் ஒன்று நாலு துண்டு. மூன்றாவதுக்கு வந்தபோது கண் கலங்கியது, மறைக்கவில்லை. கவிழ்த்து வைத்த பிரிண்ட்டையும் அவள் கொண்டுவந்து தந்தாள். எல்லாம் நெருப்பில் சுருண்டு உருகியது. சரியான நாற்றம், இரண்டு பேரும் இருமினோம்.

பிறகு முகம் கழுவி, புதிதாகக் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தாள்.

இந்த பிலிமில் வானம் வராது, மலை வராது. லயத்து வீட்டுச் சுவர் முன்னால் உட்கார வைத்தேன். பில்டர் இல்லை. f/11, எட்டில் ஒரு செக்கன், நாலு தாள்.

மழைக்கு முன் வீடு. ட்ரேயில் ஒவ்வொன்றாக. ஒன்று அசைந்தது. இரண்டில் கீறல். ஒன்று தேறியது. சிவப்பு வெளிச்சத்தில் நெகட்டிவில் அந்தப் புள்ளி மட்டும் கண்ணாடியாகத் தெளிந்து நிற்பதைப் பார்த்தேன். பிரிண்ட் போட்டால் அது மை.

ஆனால் முகம்! வெயிலில் காய்ந்த ஒவ்வொரு கோடும் பள்ளமாக. உதடு கறுப்பு. பத்து வயது கூடிவிட்டது. பொட்டைக் கொண்டுவந்து இளமையை எடுத்துவிட்டேனா? வெளிறிய பிரிண்ட் ஒன்று போட்டுப் பார்த்தேன். பொட்டும் வெளிறியது. கிழித்துப் போட்டேன். முழுக் கறுப்பில்தான் கொடுப்பேன்.

ஒக்டோபர் 13, திங்கள்

அரை நாள் லீவு. பதினொன்றரைக்கு ஆஸ்பத்திரி கேட்டடியில். பார்வையாளர் வரிசை ரோடு வரை. செ. சாப்பாட்டுக் கூடையோடு நடுவில் நின்றாள்.

உறையைக் கொடுத்தேன். உடனே திறக்கவில்லை. கூடையை என்னிடம் தந்துவிட்டு, சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துவிட்டு எடுத்தாள். வரிசை இரண்டு அடி நகர்ந்தது, அவள் நகரவில்லை. பின்னால் நின்ற ஒரு அம்மா எட்டிப் பார்த்து சிங்களத்தில் ஏதோ சொன்னார். நான் செ. வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கெழவி ஆக்கிட்டீங்க."

பெருவிரலைப் படத்தில் படாமல், பொட்டுக்கு மேலால் ஒரு தடவை கொண்டுபோனாள். "இத அவருக்கு காட்டலாம்" என்றாள்.

பன்னிரண்டுக்கு கேட் திறந்தது. கூடையை என் கையிலேயே விட்டுவிட்டுப் படத்தோடு ஓடினாள். வரிசையைத் தாண்டிக் கூப்பிட்டேன். அவளுக்குக் கேட்கவில்லை.